பூ ஓட்டு ஆமைக்கு எந்த நூல்: உல்லனா, மில்க் காட்டனா, வெல்வெட்டா?

போன மாதம் தெரிந்த பெண் ஒருத்தி எனக்குப் படம் ஒன்று அனுப்பினாள். பச்சை வெல்வெட் நூலில் குரோஷே ஊசியால் பின்னிய ஆமைப் பொம்மை, ஓடு பூவாக விரிய வேண்டிய முதுகில் இளஞ்சிவப்பாக ஒரு மேடு. கீழே ஒரே வரி: “அக்கா, ஆமை வந்துருச்சு, பூவைத்தான் காணோம்.” இரண்டு வாரம் கழித்து இன்னொருவரிடமிருந்து நேர் எதிரான புகார். அவருக்கு இதழ் ஐந்தும் அச்சில் வார்த்த மாதிரி வந்திருக்கின்றன. ஆனால் பிள்ளை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு “கல்லு மாதிரி இருக்கு” என்று ஓரமாக வைத்துவிட்டானாம். இருவரும் பின்னியது ஒரே செய்முறை. மாறியது நூல் மட்டும்தான்.

இந்த ஆமையை நான் மூன்று நூலிலும் பின்னிவிட்டேன், வெல்வெட்டில் இரண்டு தடவை. முதல் தடவை ஏன் கணக்கில் வராது என்பதைக் கீழே சொல்கிறேன். நூல் கடையில் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று விழிப்பவர்களுக்காக, கையில் பட்டதை வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

மெத்தென்று இருக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். கடையில் பந்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வாங்குபவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் சாதாரண ஆமைக்கும் இந்த ஆமைக்கும் உள்ள வித்தியாசமே முதுகிலிருக்கும் பூதான். அதனால் என் முதல் கேள்வி, இதழ் தெரியுமா என்பது.

அடுத்து, யார் கைக்குப் போகிறது? ஒரு வயதுக் குழந்தை அதை வாயில் வைக்கும். ஏழு வயதுப் பிள்ளை கட்டிக்கொண்டு தூங்கும். காரில் கண்ணாடிக்கு முன்னால் வைப்பவர் அதைத் தொடவே மாட்டார்.

மூன்றாவது, தப்பு வந்தால் பிரிக்க முடியுமா? புதிதாகப் பழகுபவர்கள் இதைக் கேட்பதேயில்லை, எட்டாவது சுற்றில்தான் நினைப்பு வரும்.

நான்காவது, மொத்தச் செலவு. இதை ஒரு பந்தின் விலையை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை நிறம், எத்தனை பந்து, எவ்வளவு பஞ்சு, முடிவில் எவ்வளவு நூல் மிச்சமாக டப்பாவில் தூங்கும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் செலவு. கடைசியாக, துவைத்தால் என்ன ஆகும், எப்போது காயும்.

## நான் பின்னிய ஆமை

மூன்றையும் ஒப்பிட வேண்டுமானால் ஆமை ஒன்றாக இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இது. ஓடு மேஜிக் ரிங்கில் (இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம்) 5 சிங்கிள் குரோஷேயுடன் (குட்டையான அடிப்படைப் பின்னல்) தொடங்கி, சுற்றுக்கு ஐந்தைந்தாகக் கூட்டி, பத்தாவது சுற்றில் 50. பிறகு கூட்டாமல் இரண்டு சுற்று. முதல் மூன்று சுற்று மஞ்சள், மற்றது இளஞ்சிவப்பு. உடம்பு பச்சை.

வழக்கமாக ஆறில்தானே தொடங்குவோம் என்று கேட்பீர்கள். சிங்கிள் குரோஷேயில் சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். ஐந்து கூட்டினால் விளிம்புக்குக் கொஞ்சம் பஞ்சம் வந்து தானாகக் கவிழ்ந்து கிண்ணம் மாதிரி ஆகும். ஓட்டுக்கு அந்தக் கவிழ்ப்புதான் வேண்டும். ஐந்து இதழாகப் பிரிக்கவும் 50 சரியாக வரும், இதழுக்குப் பத்து.

கடைசிச் சுற்றில், பின்னலின் தலையில் தெரியும் இரண்டு கண்ணியில் முன் கண்ணியில் மட்டும் ஊசியை விட்டு இதழ் பின்னவும். உயரத்தில் ஸ்லிப் ஸ்டிச்தான் குட்டை, பிறகு சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள் என்று வரிசையாக உயரும். 1 ஸ்லிப் ஸ்டிச், 1 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், அடுத்த நான்கு கண்ணியிலும் இரண்டிரண்டு டபுள், பிறகு 1 ஹாஃப் டபுள், 1 சிங்கிள், 1 ஸ்லிப் ஸ்டிச். பத்து கண்ணி ஆயிற்று, ஒரு இதழ் ஆயிற்று. விடுபட்டு நிற்கும் பின் கண்ணியில் வயிற்றுப் பகுதியை இணைத்துவிடலாம். தலை ஒன்று, கால் நான்கு. ஐந்து உறுப்பும் ஐந்து இதழுக்கு அடியில் ஒவ்வொன்றாக ஒளிந்துகொள்ளும். யோசித்துச் செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ள பெயர்கள் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் செய்முறையில் ‘டபுள்’ என்றால் அமெரிக்காவின் சிங்கிள். நீங்கள் வைத்திருக்கும் செய்முறை எந்த ஊர் வழக்கு என்று பார்க்காமல் பின்னினால் இதழ் குட்டையாகிவிடும், பழியை நூல் சுமக்கும்.

## உல்லன் என்று கேட்டால் கிடைக்கும் அக்ரிலிக்

நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் எடுத்துத் தருவதில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது. அது அக்ரிலிக், செயற்கை இழை. வர்த்மான், கங்கா என்று பெயர் போட்ட பந்துகள் ஃபேன்சி ஸ்டோர்களில்கூடக் கிடைக்கும். எட்டு பிளை நூலும் (பிளை என்பது நூலின் தடிமன் அளவு) 3.5 மி.மீ. ஊசியும் வைத்துப் பின்னினால் நம் ஆமை 15 செ.மீ. நீளத்துக்கு வரும்.

இதழ்: தெரியும், ஆனால் கூர்மையாக இருக்காது. நூலில் மெல்லிய ரோமம் இருப்பதால் விளிம்பு சற்று மங்கும். இதழ் நுனி கொஞ்சம் சுருளும். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் பூ.

பிரிப்பது: ஒன்றுக்கு மூன்று தடவை பிரித்துப் பின்னலாம். நாலாவது தடவை நூல் நைந்த மாதிரி தெரியும்.

செலவு: மூன்றில் இதுதான் குறைவு. நிறமும் அதிகம். நடுவில் மஞ்சளுக்காகத் தனிப் பந்து வாங்கினாலும் மனசு உறுத்தாது.

மறைந்திருக்கும் செலவு: ஆறு மாதத்தில் தெரியும். பிள்ளை ஆமையை எந்தப் பக்கம் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் நூல் உருண்டை உருண்டையாகத் திரளும். கத்தரிக்கோலால் மேலாக வெட்டிவிட்டால் போகும், பிறகு மறுபடி வரும். இன்னொன்று இஸ்திரிப்பெட்டி. இதழ் சுருள்கிறதே, நீவிவிடலாம் என்று சூடாக ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. அக்ரிலிக் சூட்டில் இளகி, துவண்டு, பளபளவென்று செத்துப்போகும். அதற்குப் பிறகு எது செய்தாலும் திரும்பாது. இதழை நேராக்க வேண்டுமானால் தண்ணீர் தெளித்து, குண்டூசி குத்தி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

துவைப்பது: சாயம் அவ்வளவாகப் போகாது, சீக்கிரம் காயும். மழைக்காலத்துக்கு உகந்த நூல்.

முதல் ஆமை பின்னுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். முதல் ஆமை எப்படியும் ஒரு கால் கோணலாகத்தான் வரும்.

## மில்க் காட்டன்

பெயரில்தான் பால். 1930களில் இத்தாலியில் பாலின் கேசீன் புரதத்திலிருந்து நிஜமாகவே இழை எடுத்து ‘லானிட்டால்’ என்று விற்றார்கள், அது தனிக் கதை. இன்று பொம்மைக்கென்று கிடைக்கும் மில்க் காட்டன் பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல். பட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஐந்து பிளை, 50 கிராம் பந்து, 2.5 அல்லது 3 மி.மீ. ஊசி. ஆமை 12 செ.மீ., உள்ளங்கையில் உட்காரும்.

இதழ்: இந்த நூலை வாங்குவதே இதற்காகத்தான். ஒவ்வொரு பின்னலும் தனித்தனியாகத் தெரியும். இதழுக்கும் இதழுக்கும் நடுவே ஸ்லிப் ஸ்டிச் விழும் இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறதே, அந்தப் பள்ளத்தில் நிழல் நின்றால்தான் கண்ணுக்கு அது பூ. மில்க் காட்டனில் அந்தப் பள்ளம் கத்தியால் கீறின மாதிரி நிற்கும். சிங்கிள் குரோஷேயில் நூலை ஊசிக்கு மேலே சுற்றாமல் அடியில் கொக்கி போட்டு இழுத்தால் பின்னல் எக்ஸ் வடிவில் இறுக்கமாக வரும். அந்த நுணுக்கமெல்லாம் கண்ணுக்குத் தெரிவது இந்த நூலில்தான்.

பிரிப்பது: எத்தனை தடவை வேண்டுமானாலும். என்ன, நூலில் முறுக்கு தளர்வு. ஊசி முனை இழைக்கு நடுவே புகுந்து நூலை இரண்டாகப் பிளக்கும். கொஞ்சம் மழுங்கின முனையுள்ள ஊசி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

செலவு: ஆமைக்கு மூன்று நிறமும் சேர்ந்தே 30 கிராமைத் தாண்டவில்லை. பஞ்சு பத்துப் பன்னிரண்டு கிராம். பந்து விலை உல்லனைவிடக் கூடுதல்தான், ஆனால் மிச்ச நூலில் இன்னும் இரண்டு ஆமை வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: கை. பருத்தி வளைந்துகொடுக்காது. ஒவ்வொரு கண்ணியையும் நீங்கள்தான் இழுக்க வேண்டும். இறுக்கிப் பின்னும் பழக்கமுள்ளவர்களுக்கு இரண்டாம் நாளே கட்டைவிரல் அடி வலிக்கும். ரப்பர் பிடி போட்ட ஊசி வாங்கினேன், அதையும் செலவில்தான் எழுத வேண்டும். பிறகு நேரம். பின்னல் எண்ணிக்கை ஒன்றேதான், ஆனால் சின்னக் கண்ணியில் கண் ஊன்ற வேண்டியிருப்பதால் எனக்கு மூன்று மாலை ஆனது.

இன்னொரு ஆபத்து சாயம். அடர்சிவப்பு இதழை வெள்ளை உடம்பில் வைக்க ஆசைப்படுபவர்கள், பின்னுவதற்கு முன்பே ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைக் கைக்குட்டைக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். உப்புப் போட்டால் நிற்கும், வினிகர் ஊற்றினால் நிற்கும் என்பதை நம்பி உட்காராதீர்கள். ஒட்டாத சாயம் போகத்தான் போகும், துண்டாக இருக்கும்போதே போகட்டும்.

அப்புறம் அந்தக் ‘கல்லு மாதிரி’ புகார். அது முழுக்க நூலின் குற்றமில்லை. மில்க் காட்டனில் இறுக்கிப் பின்னி, இறுக்கிப் பஞ்சும் அடைத்தால் பந்து மாதிரிதான் ஆகும். தலைக்கும் கழுத்துக்கும் இறுக்கமாக அடையுங்கள், இல்லாவிட்டால் தலை தொங்கும். ஓட்டுக்குள் பாதிதான். ஓடு கவிழ்ந்த வடிவத்திலேயே நிற்கும், பஞ்சை நம்பி இல்லை.

சுத்தப் பருத்தி நூலைப் பற்றியும் கேட்கிறார்கள். இதழ் இன்னும் கூர்மையாக வரும், கை இன்னும் வலிக்கும், காய இன்னும் நேரமாகும். லேஸ் பின்னிப் பழகின கைக்குச் சரி.

## வெல்வெட்

இந்த நூலுக்குச் செனில் என்று பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கம்பளிப்பூச்சி என்று பொருள். ஒரு முழம் எடுத்து மேசையில் போட்டுப் பாருங்கள், பெயர் வைத்தவரைக் குறை சொல்ல முடியாது. மெல்லிய நடு இழைகள் ஒன்றையொன்று முறுக்கி, குறுக்காகக் குட்டிக் குட்டி ரோமங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரோமம் பாலியெஸ்டர். துருக்கியின் ஹிமாலயா டால்ஃபின் பேபி இந்த வகையில் பலருக்குத் தெரிந்த பெயர், பந்து 100 கிராம், 120 மீட்டர். 5 மி.மீ. ஊசியில் நம் ஆமை 24 செ.மீ. வந்தது. மில்க் காட்டன் ஆமையை அதன் முதுகில் ஏற்றி உட்கார வைக்கலாம்.

இதழ்: இங்கேதான் சிக்கல். எந்தப் பள்ளம் பூவைக் காட்ட வேண்டுமோ, அதே பள்ளத்தை ரோமம் வந்து நிரப்பிவிடுகிறது. ஹாஃப் டபுளுக்கும் டபுளுக்கும் உயர வித்தியாசம் ரோமத்துக்குள் கரைந்துவிடும். இதழ் ஐந்தும் சேர்ந்து அலை அலையாக ஒரு பாவாடை விளிம்பு மாதிரி இருக்கும். பாவாடை கட்டிய ஆமையும் அழகுதான். ஆனால் நீங்கள் கேட்டது பூ.

பிரிப்பது: முதல் வெல்வெட் ஆமை ஏன் கணக்கில் வராது என்று சொல்கிறேன். எட்டாவது சுற்றில் 40 இருக்க வேண்டும், எனக்கு 38. கண்ணியைக் கண்ணால் பார்க்க முடியாததால் விரலால் தடவி எண்ணிக்கொண்டிருந்தேன், எங்கோ இரண்டு விட்டுப்போயிருக்கிறது. சரி, ஒரு சுற்று பிரிக்கலாம் என்று நூலை இழுத்தேன். ரோமம் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. கொஞ்சம் பலமாக இழுத்ததும் வந்தது, ஆனால் விரல் நீளத்துக்கு மொட்டை நூல், ரோமமெல்லாம் என் கறுப்புச் சுடிதாரில். மடியில் பூனைக்குட்டி படுத்து எழுந்த மாதிரி. அந்த மொட்டை இடத்தை வெட்டி, முடிச்சுப் போட்டு, மேலே பின்னி, அடுத்த சுற்றில் முடிச்சு அவிழ்ந்து, அதோடு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

இரண்டாவது தடவை சில வேலைகள் செய்தேன். மேஜிக் ரிங்கை இழுத்து மூடும்போது நூல் அறுந்துபோகும், அதனால் இரண்டு சங்கிலி போட்டு முதல் சங்கிலிக்குள்ளேயே ஐந்தையும் பின்னினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஊக்கு மாட்டினேன். சுற்று முடிந்ததும் எண்ணாமல் அடுத்ததற்குப் போகவில்லை. உறுப்புகளைத் தைக்க அதே நூலைப் பயன்படுத்தாமல், பச்சை நிறத்தில் கெட்டியான தையல் நூலை எடுத்துக்கொண்டேன். வெல்வெட் நூலை ஊசியில் கோத்து நாலு தடவை இழுத்தால் ரோமம் உரிந்துவிடும். தையல் நூல் ரோமத்துக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. வெல்வெட்டில் தையல் பிசகும் தெரியாது, அது ஒரு சௌகரியம்.

செலவு: இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆமைக்கு மொத்தம் முக்கால் பந்துக்குமேல் ஆகாது. ஆனால் நிறம் மூன்று, அதனால் பந்தும் மூன்று. நடு மஞ்சளுக்கு வேண்டியது 5, 10, 15 ஆக முப்பதே முப்பது பின்னல். இரண்டு மீட்டர் நூல்கூட ஆகாது, அதற்கு 120 மீட்டர் பந்து. சின்னத் துண்டாகத் தருபவர்கள் கிடைத்தால் அவர்களிடம் வாங்குங்கள், இல்லாவிட்டால் பூவின் நடுவை மில்க் காட்டனில் தனி வட்டமாகப் பின்னி மேலே தைத்துவிடுங்கள்.

பஞ்சு இன்னொரு செலவு. நீளம் இரண்டு மடங்கு ஆகும்போது, அகலமும் உயரமும் சேர்ந்து இரண்டு மடங்கு ஆகின்றன. அதனால் உள்ளே போகும் பஞ்சு எட்டு மடங்கு. மில்க் காட்டன் ஆமைக்குப் பன்னிரண்டு கிராம் போன இடத்தில் இதற்கு நூறு கிராம் பக்கம் போயிற்று. வீட்டில் இருந்த பழைய தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை அடைத்துவிடலாம் என்று தோன்றும். துவைக்கவே போவதில்லை என்றால் அடையுங்கள். ஒரு தடவை நனைந்தால் இலவம் பஞ்சு கட்டிதட்டி, ஆமை மூட்டு வீங்கின மாதிரி ஆகிவிடும். ஃபைபர் பஞ்சுதான் சரி.

துவைப்பது: வெந்நீர் கூடாது, பிழியக் கூடாது, இஸ்திரி கூடவே கூடாது. என்னுடையதை ஐப்பசி அடைமழையில் துவைத்துத் தொலைத்தேன். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் மூக்கில் வைத்தால் ஈரத் துணி வாடை. வெங்காயம் வந்த வலைப்பையில் போட்டு ஃபேனுக்குக் கீழே தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பி, ஒருவழியாகக் காப்பாற்றினேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் உண்மை என்னவென்றால், மூன்று ஆமையையும் வரிசையாக வைத்தால் பிள்ளைகள் எடுப்பது வெல்வெட்டைத்தான். கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொள்ளும் சுகத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. ஒரு மாலையில், இரண்டு மூன்று மணி நேரத்தில், முடிந்தும்விடுகிறது, தப்பு வராவிட்டால்.

## ஒரே பார்வையில்

| | உல்லன் (அக்ரிலிக்) | மில்க் காட்டன் | வெல்வெட் (செனில்) |
|---|---|---|---|
| ஊசி | 3.5 மி.மீ. | 2.5–3 மி.மீ. | 5 மி.மீ. |
| ஆமையின் நீளம் | 15 செ.மீ. | 12 செ.மீ. | 24 செ.மீ. |
| இதழ் | சுமார் | தெளிவு | கரைந்துவிடும் |
| கட்டிக்கொள்ள | பரவாயில்லை | சின்னது, கெட்டி | இதற்கு மிஞ்சி இல்லை |
| பிரித்துப் பின்ன | முடியும் | சுலபம் | முடியாது என்றே வையுங்கள் |
| நூல் மிச்சம் | இருக்கும், விலை குறைவு | அடுத்த ஆமைக்கு ஆகும் | இரண்டே கால் பந்து |
| பஞ்சு | 20–25 கிராம் | 10–12 கிராம் | 100 கிராம் பக்கம் |
| வலிக்கும் இடம் | எதுவுமில்லை | கட்டைவிரல் | பொறுமை |

## இரண்டையும் கலந்தால்?

உடம்பை வெல்வெட்டிலும் பூவை மில்க் காட்டனிலும் பின்னலாமே என்று முதல் படம் அனுப்பியவள் கேட்டாள். பின்னலாம், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஒரே செய்முறையை இரண்டு நூலில் பின்னி ஒட்ட வைக்க முடியாது. மில்க் காட்டன் பூ வெல்வெட் ஓட்டின் மேல் சட்டைப் பித்தான் மாதிரி உட்கார்ந்திருக்கும். மில்க் காட்டனை இரட்டை இழையாகச் சேர்த்து 4 மி.மீ. ஊசியில் பின்னினால் கண்ணி கொஞ்சம் பெரிதாகும், அப்போதும் வெல்வெட் அளவுக்கு வராது. அதனால் பூவை இன்னும் மூன்று சுற்று கூட்டி 65 ஆக்கி, இதழுக்குப் பதின்மூன்று கண்ணி வைத்தேன். நடுவில் கூடின மூன்று கண்ணியிலும் இரண்டிரண்டு டபுள்.

இந்தப் பூவுக்கு மட்டும் கவிழ்ப்பு குறைவாக இருந்தால் நல்லது, ஏற்கெனவே மேடாக இருக்கும் வெல்வெட் ஓட்டின் மேல்தானே விரிக்கப் போகிறோம். ஊசியை அரை மி.மீ. பெரிதாக்கித் தளர்வாகப் பின்னினாலே போதும்.

தைக்கும்போது இதழ் விளிம்பைத் தைக்காதீர்கள். பூவின் நடுவட்டத்தைச் சுற்றியும், இரண்டு இதழ் சேரும் பள்ளங்களிலும் மட்டும் தையல் போட்டு, நுனிகளை விட்டுவிடுங்கள். நுனி சற்றுத் தூக்கி நின்றால் கீழே நிழல் விழும். வெல்வெட்டில் தொலைந்துபோன பள்ளம் இப்படித் திரும்பி வரும்.

இதில் ஒரு கெடுதல் உண்டு. பிள்ளைகளுக்குத் தூக்கி நிற்கும் எதைப் பார்த்தாலும் பிடித்து இழுக்கத் தோன்றும். ஆமையை இதழைப் பிடித்துத்தான் தூக்கிக்கொண்டு வரும். பள்ளத்துத் தையலை இரட்டை நூலில் போடுங்கள்.

## யாருக்கு எது

மூன்று வயதுக்குக் கீழே என்றால் மில்க் காட்டன். வெல்வெட் வேண்டாம். நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தாலே ரோமம் கையோடு வரும், பல் முளைக்கும் குழந்தை அதைச் சும்மா விடாது. எந்த நூலாக இருந்தாலும் இந்த வயதுக்குப் பிளாஸ்டிக் கண் வைக்காதீர்கள். ‘சேஃப்டி ஐ’ என்ற பெயரை நம்பாதீர்கள். பின்னால் வட்டு போட்டு இறுக்கினாலும், பின்னல் தளர்ந்தால் வட்டோடு சேர்ந்து வெளியே வரும். கறுப்பு நூலில் கண்ணைத் தைத்துவிடுங்கள். தூங்குகிற மாதிரி ஒரு வளைவு போட்டால் ஆமைக்கு அதுவே பொருத்தம்.

நான்கிலிருந்து பத்து வயது வரை, கட்டிக்கொண்டு தூங்க என்றால் வெல்வெட் உடம்பு, மில்க் காட்டன் பூ. ஆனால் உங்கள் கை குறைந்தது நாலைந்து பொம்மை பின்னியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் உல்லனில் ஒரு ஆமை முடித்துவிட்டு வாருங்கள், செய்முறை விரலுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். வெல்வெட்டில் கண் உதவாது, விரல்தான் எண்ண வேண்டும்.

மேசை அலங்காரம், கார், சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் மில்க் காட்டன். பெரியவர்களுக்குப் பரிசு கொடுக்கும்போது மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்’ என்று பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார் என் மாமியார். அவர் வீட்டு டிவி மேசையில் கண்ணாடித் தட்டில் தண்ணீருக்குள் ஒரு ஃபெங் ஷுயி ஆமை பல வருடமாக இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டவில்லை. “இதுல பூ இருக்குல்ல, பரவால்ல” என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

விற்பதற்கு என்றால் கணக்கு வேறு. பத்து ஆமை கேட்டு வந்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதற்கு மில்க் காட்டன்தான் தோது. பந்துப் பட்டியில் இருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் தோய்த்ததைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மொத்தமாக வாங்கிவிடுங்கள். இளஞ்சிவப்பு லாட்டுக்கு லாட் மாறும், வீட்டு விளக்கில் தெரியாது, வெயிலில் படம் எடுக்கும்போது தெரியும்.

சட்டமும் இருக்கிறது. பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பிள்ளைகளின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. நாலு பேருக்குச் செய்து கொடுப்பதைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.

கையில் ஒரே ஒரு வாரம், பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் உல்லன். 15 செ.மீ. ஆமை, கோணல் வந்தால் பிரித்துப் பின்ன நேரமும் இருக்கும்.

அந்த முதல் பெண் பூவைத் தனியாகப் பின்னி வெல்வெட் முதுகில் தைத்து, நேற்று மறுபடி படம் அனுப்பினாள். இப்போது பூ தெரிகிறது. பச்சை நூல் நிறைய மிச்சமாம், அதிலேயே மூன்று விரல் நீளத்துக்கு ஆமைக்குட்டி ஒன்று பின்னலாமா என்று கேட்டிருக்கிறாள். அந்த நூலில் அந்த அளவுக்குக் கால் பின்னினால் காலே கம்பளிப்பூச்சி மாதிரிதான் இருக்கும், குட்டிக்கு மில்க் காட்டன் எடு என்று பதில் போட்டிருக்கிறேன்.